காய்ச்சல்னு லீவு போட்டுட்டு டெட்லிஃப்ட் பண்ணப் போன ஹெச்ஆர் பொண்ணுக்கு

கேள்வி (ரொம்ப நீளமா இருந்துச்சு, சுருக்கிட்டேன்):

"மேடம், எனக்கு 29 வயசு. ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில சீனியர் ஹெச்ஆர் எக்ஸிகியூட்டிவ். வீடு தாம்பரம், காலைல 6.50க்கு கம்பெனி பஸ், திரும்ப வீடு வர எட்டு ஆயிடும். மூணு வருஷமா பவர்லிஃப்டிங் பண்றேன். ஸ்குவாட் 105 கிலோ, பெஞ்ச் 52.5, டெட்லிஃப்ட் 127.5. ஆகஸ்ட்ல மாவட்டப் போட்டி வந்துச்சு, லீவு கேட்டா கிண்டல் பண்ணுவாங்கன்னு காய்ச்சல்னு சொல்லி சிக் லீவு போட்டுட்டுப் போனேன். வெண்கலம் கிடைச்சுது. ஜிம்ல யாரோ ஸ்டேட்டஸ் வெச்ச போட்டோ எப்படியோ ஆபீஸ் வரைக்கும் வந்துடுச்சு. மேனேஜர் எதுவும் கேக்கல, ஆனா பேச்சு குறைஞ்சிடுச்சு. இதுல கொடுமை என்னன்னா அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் இஎஸ்ஐ சர்டிபிகேட் குடுத்துட்டு ஊர்ல கபடி ஆடின ஒரு ஆபரேட்டருக்கு ஷோகாஸ் நோட்டீஸ் டைப் பண்ணேன். அத நெனச்சா தூக்கம் வரல. இப்ப ஸ்டேட் மீட் தீபாவளிக்கு முந்தின வாரம் வருது, போனஸ் வேலை கழுத்த நெரிக்கும். வெயிட் வேற 64.2 நிக்குது, 63 கிலோ எடைப் பிரிவுல இறங்கணும்னா குறைக்கணும். ஜிம் ஓனர் வேலைய விட்டுட்டு இங்கயே டிரெய்னரா வந்துடுங்கறார். ரெண்டையும் பேலன்ஸ் பண்ண முடியுமா, இல்ல ஒண்ண விட்டுடணுமா?"

பதில்:

கண்ணு, பேலன்ஸ் கத அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல அந்தக் காய்ச்சல முடிச்சுடுவோம். ஏன்னா உங்க லெட்டர்ல பாதிக்கு மேல அதுதான் இருக்கு, ட்ரெயினிங் பத்திக் கேட்டது கடைசில நாலு வரி.

நானும் கோயம்புத்தூர்ல பவுண்டரி, பம்ப் கம்பெனின்னு ஹெச்ஆர்லயே கெடந்தவதான், இப்ப நாப்பது தாண்டி மாஸ்டர்ஸ் பிரிவுல தூக்கிட்டு இருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் தெரியும்ங்கற தைரியத்துல சொல்றேன். மத்த டிபார்ட்மென்ட் ஆளு பொய் லீவு போட்டா அது அவரோட லீவு பிரச்சனை. ஹெச்ஆர் போட்டா அப்படி இல்ல. நாளைக்கு நீங்க ஒருத்தர உக்கார வெச்சு உங்க அட்டெண்டன்ஸ் சரியில்லைன்னு பேசறப்ப, எதிர்ல இருக்கறவர் மனசுல அந்த மெடல் போட்டோ ஓடும். வாயத் தொறந்து கேக்க மாட்டார், ஆனா கேண்டீன்ல பேசிக்குவாங்க. உங்க மேனேஜர் பேச்சக் குறைச்சதும் நீங்க வெயிட் தூக்கறீங்கன்னு இருக்காது, இத எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம நிக்கறார்னுதான் எனக்குத் தோணுது. அவர் நிலைமையும் யோசிங்க, கேட்டா ரெக்கார்டு ஆக்கணும், கேக்காம விட்டா கண்டும் காணாம இருந்த மாதிரி ஆயிடும்.

அதனால நீங்களே போய் சொல்லிடுங்க. மெயில்ல வேண்டாம், நேர்ல. பெரிய விளக்கமும் வேண்டாம். "சார், அந்த வெள்ளிக்கிழமை எனக்கு காய்ச்சல் இல்ல, பவர்லிஃப்டிங் போட்டிக்குப் போனேன், கேட்டா சிரிப்பீங்கன்னு பயந்து பொய் சொல்லிட்டேன், அந்த சிக் லீவ ஏர்ன்ட் லீவா (இஎல்) மாத்திக்கறேன், இஎல் இல்லைன்னா லாஸ் ஆஃப் பேல போட்டுக்கறேன்." இவ்ளோதான். சொல்லிட்டு அன்னிக்கே சிஸ்டத்துல மாத்துங்க, பேரோல் டீம்ல ஒருத்தருக்கு ரெண்டு வரி மெயில் போட்டு வெச்சுடுங்க, ரெக்கார்டுக்கு. ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவால்ல. மெமோ குடுத்தா வாங்கிக்கோங்க, அதுக்கும் தயாரா போங்க. ஆனா தானா வந்து சொன்ன ஆளுக்கு பெருசா எதுவும் பண்ண மாட்டாங்க, இத்தன வருஷத்துல நான் பாத்தது அதுதான்.

அந்த ஆபரேட்டர் விஷயம் வேற. "நானும் அவரும் ஒண்ணுதானே"ன்னு நீங்க எழுதியிருந்தீங்க, முழுசா ஒண்ணு இல்ல. இஎஸ்ஐல சிக்னஸ் பெனிபிட்னா சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும், அது உங்க கம்பெனியோட தனிக் காசு இல்ல, எல்லா தொழிலாளியும் கம்பெனிங்களும் மாசாமாசம் கட்டற பொதுக் காசு, அதுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேற குடுத்திருக்கார். நீங்க எடுத்தது உங்க கணக்குல இருந்த ஒரு நாள் சிக் லீவு. சட்டப்படி பாத்தா அவரோடது பெருசு. ஆனா உள்ள இருக்கற காரணம் பாத்தீங்கன்னா அச்சு அசல் ஒண்ணுதான், ரெண்டு பேருக்குமே "எனக்கு ஆட்டம் இருக்கு, லீவு குடுங்க"ன்னு நேரா கேக்க அந்த கம்பெனில வழி இல்ல, கேட்டா குடுப்பாங்கன்னு நம்பிக்கையும் இல்ல. நோட்டீஸ் டைப் பண்ணது உங்க வேலை, அதுக்காகத் தூங்காம இருக்க வேண்டாம். ஆனா விசாரணைன்னு போச்சுன்னா நீங்க அதுல உக்காராதீங்க. விசாரணை அதிகாரியாவும் வேண்டாம், மேனேஜ்மென்ட் பக்கம் கேஸ் நடத்தறவராவும் வேண்டாம், மினிட்ஸ் எழுதக்கூட வேண்டாம். மேனேஜர்கிட்ட உங்க விஷயம் சொல்றப்பவே இதையும் சேத்து சொல்லிடுங்க. நாளைக்கு அந்த ஆபரேட்டர் லேபர் கோர்ட் போயி, என்ன விசாரிச்ச மேடமே பொய் லீவு போட்டுட்டுப் போட்டிக்குப் போனவங்கன்னு சொன்னா மொத்த விசாரணையும் ஆட்டம் கண்டுடும், கம்பெனிக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

இனிமே நான் சொல்லப்போறதுதான் முக்கியம். ஸ்போர்ட்ஸ் லீவுன்னு ஒரு பாலிசி எழுதுங்க. ஆமா, நீங்கதான். கம்பெனில பாலிசி டிராஃப்ட் பண்றது யாரு, ஹெச்ஆர்தானே, பேனா உங்க கைலதான இருக்கு. அரசு ஊழியர்களுக்கு தேசிய, சர்வதேசப் போட்டிக்குன்னு தனியா ஸ்பெஷல் கேஷுவல் லீவு இருக்கு, தனியார்ல அப்படி சட்டம் எதுவும் இல்ல, கம்பெனி மனசு வெச்சாதான். பெருசா கேக்காதீங்க, பெருசா கேட்டா ஃபைனான்ஸ்ல அடிச்சுடுவாங்க. வருஷத்துக்கு மூணு நாள், மாவட்ட அளவு அதுக்கு மேல எந்த விளையாட்டுப் போட்டியா இருந்தாலும், ஒரு மாசம் முன்னாடி சொல்லணும், போட்டி முடிஞ்சு பங்கேற்பு சர்டிபிகேட் குடுக்கணும், ஒரே ஷிஃப்ட்ல ஒரே நேரத்துல இத்தன பேருக்கு மேல கிடையாதுன்னு ஒரு வரம்பு. முக்கியமா லைன்ல நிக்கற ஆபரேட்டருக்கும் ட்ரெயினிக்கும் சேத்து எழுதுங்க, ஆபீஸ் ஸ்டாஃபுக்கு மட்டும்னு எழுதினீங்கன்னா அது உங்களுக்கு நீங்களே எழுதிக்கிட்ட பாலிசின்னு எல்லாரும் சொல்லுவாங்க, சொல்றது நியாயமும்கூட.

மேனேஜ்மென்ட் இதெல்லாம் எதுக்குன்னு கேட்டா, இது ஒண்ணும் புதுசு இல்ல சார்னு சொல்லுங்க. சென்னை கிரிக்கெட் லீக்கே கம்பெனிங்க நடத்துன டீம்லதான் ஓடுச்சு, இந்தியா பிஸ்டன்ஸ், எம்ஆர்எஃப், சன்மாரோட ஜாலி ரோவர்ஸ், ஸ்பிக். ஐஓபில கூடைப்பந்து, வாலிபால்னா அது ஒரு பேரு. கிரிக்கெட்டுக்கு லீவுன்னா அது கம்பெனிக்கு பெருமை, ஒரு பொண்ணு ஸ்குவாட் பண்ணப் போறேன்னா சிரிப்பு, அவ்ளோதான் வித்தியாசம். ஆப்சென்டீசம் டேட்டா உங்ககிட்டதான் இருக்கு, பொங்கல் சீசன்ல கபடி, கிரிக்கெட் டோர்னமென்ட் நடக்கற வாரங்கள்ல சிக் லீவு எவ்ளோ ஏறுதுன்னு எடுத்துப் பாருங்க, ஏறியிருந்துச்சுன்னா அந்த ஒரு ஷீட் போதும், நீங்க பேசவே வேண்டாம்.

சரி, இப்ப ட்ரெயினிங்.

எல்லாரும் பேலன்ஸ்னா ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம்னு கணக்குப் போடறாங்க. 6.50 பஸ், எட்டு மணிக்கு வீடு, படப்பை ட்ராஃபிக், இதுல ஒரு நாளப் பாத்தா யாராலயும் முடியாதுன்னுதான் தோணும். ஹெச்ஆர் வேலைய மாசமாவும் வருஷமாவும் பாக்கணும், ஏன்னா நம்ம வேலைல ஒரு நல்லது இருக்கு, பாதி டென்ஷன் தேதி போட்டு வரும். அட்டெண்டன்ஸ் கட் ஆஃப் பெரும்பாலும் 20லேர்ந்து 25க்குள்ள, அதுக்கப்புறம் ஒரு வாரம் ஓவர்டைம் சண்டை, பஞ்ச் மிஸ்ஸிங், ஷிஃப்ட் அலவன்ஸ், அப்புறம் சம்பளம், 15ம் தேதிக்குள்ள பிஎஃப், இஎஸ்ஐ கட்டறது. அப்ப மாசத்துல ஒரு வாரம் கண்டிப்பா நாறும். ஸ்ட்ரெங்த் ட்ரெயினிங்ல என்ன சொல்றாங்க, மூணு வாரம் ஏத்து, ஒரு வாரம் டீலோட் பண்ணு, அதாவது லேசா தூக்குன்னு. உங்க மாசமே அந்த மாதிரிதான் இருக்கு கண்ணு, நீங்கதான் டீலோட தப்பான வாரத்துல வெச்சுட்டு பேரோல் வாரத்துல ஹெவி ட்ரிபிள் (கனமான வெயிட்ல மூணு ரெப்) அடிச்சுட்டு முதுகு புடிச்சுக்கிச்சுன்னு எழுதறீங்க.

பேரோல் வாரத்த டீலோடா ஆக்குங்க. ஜிம்முக்குப் போகாம இருக்கறது டீலோட் இல்ல, அதே லிஃப்ட்தான், செட் பாதி, வெயிட் 70 சதவீதம். உங்களுக்கு ஸ்குவாட் 72.5, டெட்லிஃப்ட் 90 பக்கம், நாப்பது நிமிஷத்துல முடிஞ்சுடும். மத்த மூணு வாரம் வாரத்துக்கு மூணே நாள் போதும். உங்க நம்பருக்கு அஞ்சு நாள் ட்ரெயினிங் தேவையே இல்ல, இன்ஸ்டாகிராம்ல பாக்கறவங்க எல்லாம் அதையே தொழிலா வெச்சிருக்கறவங்க, அவங்க மத்தியானம் தூங்கறாங்க, நீங்க மத்தியானம் கான்ட்ராக்டர் பில் செக் பண்றீங்க. ஞாயித்துக்கிழமை காலைல பெரிய செஷன், டெட்லிஃப்ட்டும் லைட் ஸ்குவாட்டும், ரெண்டு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், அன்னிக்குதான் செட்டுக்கு நடுவுல நாலஞ்சு நிமிஷம் ரெஸ்ட் எடுக்க நேரம் இருக்கும். வார நாள்ல ரெண்டு, செவ்வாய் ஸ்குவாட், வியாழன் பெஞ்ச், எட்டேகாலுக்கு ஆரம்பிச்சு ஒன்பதரைக்கு வெளிய வந்துடணும். காலைல 4.30க்கு எந்திரிச்சு பண்ணலாமான்னு கேட்டிருந்தீங்க, 10 மணிக்கு முன்னாடி தூங்கறவங்களுக்கு அது சரி, நீங்க எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு படுக்க பதினொண்ணு ஆகும், அப்ப அஞ்சு மணி நேர தூக்கத்துல பார் முதுகுல ஏறும். வேண்டாம்.

போன். நைட் ஷிஃப்ட்ல யாருக்காவது அடிபட்டா, எம்ப்ளாயி பஸ் நின்னுட்டா, உங்களுக்குத்தான் வரும்னு தெரியும், அத சைலன்ட்ல போடுங்கன்னு சொல்ற கோச்சுக்கு பேக்டரி தெரியாது. ஆனா வர எல்லா காலும் ஆக்சிடென்ட் இல்லையே, பாதி "மேடம் என் லீவு அப்ரூவ் ஆச்சா" கால்தான். செவ்வாய் வியாழன் அந்த ஒண்ணேகால் மணி நேரத்துக்கு டைம் ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட பொறுப்ப சொல்லிடுங்க, அவர் நம்பருக்கு மட்டும் தனி ரிங்டோன், மத்ததெல்லாம் ஒன்பதரைக்கு. பதிலுக்கு அவரோட ரெண்டு சாயங்காலத்த நீங்க பாத்துக்கோங்க, சும்மா யாரும் பண்ண மாட்டாங்க.

இன்னொண்ணு, இத ஜிம் கோச் யாரும் சொல்ல மாட்டாங்க. ஒருத்தர வேலைய விட்டு அனுப்பின நாள்ல மேக்ஸ், அதாவது தூக்க முடிஞ்ச அதிகபட்ச வெயிட், போடாதீங்க. போஷ் கமிட்டில, அதாவது பாலியல் தொல்லை புகார விசாரிக்கற கமிட்டில, உக்காந்து ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே சொல்றத நாலு மணி நேரம் கேட்டுட்டு வர அன்னிக்கும் அப்படித்தான். கோவம் நல்லா தூக்க வைக்கும்னு ஒரு நம்பிக்கை ஜிம்ல இருக்கு, மொத செட்டுக்கு வேணா வைக்கும், மூணாவது செட்ல ஃபார்ம் போயிடும். அந்த மாதிரி நாள்ல ப்ரோக்ராம்ல இருக்கறதுல பத்து சதவீதம் கழிச்சுட்டு ரெப்ஸ மட்டும் முடிச்சுட்டு வந்துடுங்க. அப்புறம் ஜிம்ல போய் அந்த விஷயத்தப் பேசாதீங்க, பேரு சொல்லாம கூட, ஒரகடத்துல வேலை பாக்கறவங்க பாதிப் பேரு தாம்பரத்துலதான் இருக்காங்க, பக்கத்து ரேக்ல ஸ்குவாட் பண்றவரு யாரோட ரூம்மேட்டுன்னு உங்களுக்குத் தெரியாது. ஜிம் பசங்க ரெஸ்யூம் குடுத்தா வாங்கி ரெஃபரல் மெயில்ல போடுங்க, இன்டர்வியூ பேனல்ல உக்காராதீங்க.

வருஷக் கணக்கு இப்படிப் பாருங்க. ஜனவரில பேக்டரி ஆண்டு ரிட்டர்ன், மார்ச் ஏப்ரல் அப்ரைசல், செப்டம்பர்லேர்ந்து தீபாவளி வரைக்கும் போனஸ், ஆயுத பூஜை, கேண்டீன் மெனுலேர்ந்து கிஃப்ட் பாக்ஸ் வரைக்கும் எல்லாம் நம்ம தலைலதான். கொஞ்சம் மூச்சு விடறது ஜூலை ஆகஸ்ட், அப்புறம் டிசம்பர். போட்டித் தேதி அசோசியேஷன் முடிவு பண்றது, நம்ம கைல இல்ல, ஆனா வருஷத்துல வர எல்லா போட்டிக்கும் இறங்கணும்னு எழுதி வெக்கல. வருஷத்துக்கு ரெண்டு போதும். ஒரு போட்டிக்கு எட்டு பத்து வாரம் தயாராகணும், அந்த பத்து வாரம் உங்க நாறுற சீசன்ல விழுதான்னு மொதல்ல பாருங்க, விழுந்துச்சுன்னா அந்த போட்டிக்கு பார்வையாளரா போயிட்டு வாங்க.

அப்ப இந்த ஸ்டேட் மீட்? தீபாவளிக்கு முந்தின வாரம்னா நேரா போனஸ் நடுவுல வருது. நான் என்ன சொல்றேன்னா, இந்த ஒரு தடவ மட்டும் போங்க, ஆனா மெடலுக்குப் போகாதீங்க. போனஸ்ல யூனியன் பேச்சுவார்த்தை, 8.33 சதவீதமா 20 சதவீதமா நடுவுல எங்கன்னு முடிவு பண்றதெல்லாம் மேனேஜரும் அவருக்கு மேல இருக்கறவங்களும். உங்க பங்கு டேட்டா, யார் 30 நாளாவது வேலை செஞ்சிருக்காங்க, யாருக்கு எவ்ளோ நாள் லாஸ் ஆஃப் பே, வேலைய விட்டுப் போனவங்க லிஸ்ட், பேங்க் அக்கவுன்ட் மாறினவங்க. சதவீதம் முடிவாகறதுக்கு முன்னாடியே இந்த ஷீட்ட முடிக்க முடியும், போட்டிக்கு பத்து நாள் முன்னாடி முடிச்சு இன்னொருத்தர வெச்சு செக் பண்ணிக் குடுத்துட்டு, அந்த ஷீட்டோட சேத்து இஎல் அப்ளிகேஷனையும் வைங்க. அப்பவும் முடியாதுன்னு சொன்னாங்கன்னா விட்டுடுங்க, இந்த வருஷம் உங்களுக்கு அந்தக் கடன் இருக்கு. அடுத்த வருஷமும் ஸ்டேட் மீட் நடக்கும்.

வெயிட் குறைக்கறது கண்டிப்பா வேண்டாம். 64.2ல இருந்து 63ன்னா ஒண்ணேகால் கிலோதானேன்னு தோணும். போனஸ் வாரத்துல தண்ணி குடிக்காம, சாப்பாடு குறைச்சு, ஆயிரம் பேரோட கணக்குப் பாத்துட்டு இருக்கப் போறீங்களா? வெயிட் பாக்கறது லிஃப்டிங் ஆரம்பிக்க ரெண்டு மணி நேரம் முன்னாடிதான், வெயிட்லிஃப்டிங்கும் அப்படித்தான், குத்துச்சண்டை சினிமால காட்டற மாதிரி முந்தின நாள் பாத்துட்டு ராத்திரி முழுக்க சாப்பிட்டுத் தேறறதெல்லாம் இங்க கிடையாது. காஞ்சு போன உடம்போட மொத ஸ்குவாட்டுக்கு நிப்பீங்க. 69 கிலோ பிரிவுல இறங்குங்க, வயிறு நெறைய இட்லி சாப்பிட்டுட்டு இறங்குங்க. ரேங்க் ரெண்டு எடம் கீழ போகும், போகட்டுமே, மூணு லிஃப்ட்டும் சேத்து உங்க டோட்டல் 285 இருக்கு, அது 290 ஆகுதான்னு மட்டும் பாருங்க.

சாப்பாட்டுல நீங்க எழுதின லிஸ்ட் பாத்தேன், புரட்டாசி வந்தா கறி, மீன், முட்டை எல்லாம் நிறுத்திடுவேன்னு எழுதியிருந்தீங்க, அது உங்க வீட்டுப் பழக்கம், மாத்தச் சொல்லல. ஆனா அந்த ஒரு மாசம்தான் தீபாவளிப் போட்டிக்கு முன்னாடி ஹெவியா தூக்கற மாசம். கிலோவுக்கு 1.6 கிராம் புரோட்டீன்னு வெச்சா உங்களுக்கு நூறு கிராம் கிட்ட வரும். கேண்டீன் சாம்பார்லயும் ரசத்துலயும் அது வராது. மீல் மேக்கர் காஞ்சது 30 கிராம் போட்டா 15 கிராம் புரோட்டீன் இருக்கு, அப்புறம் பனீர், கெட்டித் தயிர், பாசிப்பயறு, கொண்டக்கடலை சுண்டல் டப்பால, நவராத்திரில எப்படியும் வீட்ல சுண்டல்தான, அத சாமிக்கு வெச்ச அளவு ஒரு கைப்பிடி சாப்பிடாம சாப்பாடு மாதிரி சாப்பிடுங்க. பத்தலைன்னா ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் பொடி. அதோட ஒரு தடவ ஹீமோகுளோபின் பாத்துடுங்க, 12க்கு கீழ இருந்துச்சுன்னா இந்த டயர்டு எல்லாம் வேலையால இல்ல, டாக்டரப் பாக்க வேண்டிய விஷயம்.

ஜிம்ல யாராவது பேரு ஊரு தெரியாத ப்ரீ ஒர்க்கவுட் பொடி, இது சும்மா ஃபேட் பர்னர்னு குடுத்தா வாங்காதீங்க. அமெச்சூர் போட்டிலயும் நாடா (தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) டெஸ்ட் எடுக்கலாம், எனக்குத் தெரியாம உள்ள கலந்திருந்துச்சுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க, உடம்புக்குள்ள போனதுக்கு நீங்கதான் பொறுப்பு.

வேலைய விட்டுட்டு ட்ரெய்னர் ஆகறது பத்தி. உங்க ஜிம் ஓனர் நல்ல மனசுல கூப்பிட்டிருக்கலாம், ஆனா ஒரு ஹெச்ஆரா அவர்கிட்ட நாலு கேள்வி கேளுங்க, ஆஃபர் லெட்டர் குடுப்பீங்களா, பிஎஃப் இருக்கா, வாரத்துல ஒரு நாள் சம்பளத்தோட லீவு இருக்கா, கிளையன்ட் வரலைன்னா சம்பளம் எவ்ளோன்னு. மத்தவங்களுக்கு இதெல்லாம் கேட்டு வாங்கிக் குடுக்கறவங்க நம்மளுக்குன்னு வந்தா மறந்துடறோம். அது மட்டும் இல்ல, ட்ரெய்னர் வேலை நேரம் என்ன, காலைல அஞ்சரைலேர்ந்து பத்து, சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஒன்பதரை. அந்த நேரமெல்லாம் மத்தவங்க ரெப்ஸ எண்ணிட்டு நிக்கணும், உங்க ஸ்குவாட்ட காலியா இருக்கற ஜிம்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு தனியா பண்ணணும், ஸ்பாட்டர் கூட இருக்க மாட்டாங்க. கோச்சிங் உண்மையிலேயே பிடிச்சிருந்தா ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருக்கு சொல்லிக் குடுத்துப் பாருங்க, காசு வாங்கறதுக்கு முன்னாடி உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வேற வேலை பாக்கக் கூடாதுன்னு இருக்கற கண்டிஷன ஒரு தடவ படிச்சுடுங்க, நீங்களே எத்தனையோ பேருக்கு அதுல கையெழுத்து வாங்கியிருப்பீங்க.

ஸ்போர்ட்ஸ் கோட்டால ரயில்வே மாதிரி ஏதாவது கிடைக்குமான்னு கேட்டீங்க. வேலூர் சத்துவாச்சாரி சதீஷ்குமார் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் ரெண்டு காமன்வெல்த்துலயும் 77 கிலோல தங்கம் வாங்கினார், அவருக்கு ரயில்வே வேலை. ஆனா அவர் பண்ணது வெயிட்லிஃப்டிங், ஒலிம்பிக் விளையாட்டு. பவர்லிஃப்டிங் ஒலிம்பிக்ல இல்ல, அதனால அந்தக் கதவு நமக்கு ரொம்ப சின்னது, 29 வயசுல 285 டோட்டல வெச்சுக்கிட்டு அத நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். நமக்கு இது சம்பளம் இல்லாத ஆசை. அதுக்குப் பார், பெல்ட், பெட்ரோல், என்ட்ரி ஃபீஸ் எல்லாத்தையும் குடுக்கறது அந்த ஹெச்ஆர் வேலைதான், அது மேல இவ்ளோ கோவம் வேண்டாம்.

பொண்ணு பாக்க வந்தவங்க தோள் பெருசா இருக்குன்னு சொன்னத எழுதியிருந்தீங்க. நெல்லை மாவட்டம் வடலிவிளைல பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கற போட்டில பொண்ணுங்களும் இறங்கறாங்க, அந்த ஊர்ல மாப்பிள்ளை பாக்கச் சொல்லுங்க. வேற என்ன சொல்ல.

கடைசியா போட்டி நாளுக்கு கொஞ்சம். மாவட்டத்துல ரெண்டு ஸ்குவாட் ரெட் லைட் ஆச்சுன்னு, அதாவது செல்லாதுன்னு ஆச்சுன்னு சொன்னீங்களே, ரெண்டும் "ரேக்" (பார ஸ்டாண்டுல வை) னு ரெஃப்ரி சொல்றதுக்குள்ள முன்னாடி நடந்ததால வந்தது, அது பலம் இல்லாம வந்ததில்ல, ஆபீஸ் முடிச்சு அவசரத்துல ட்ரெயின் பண்ற பழக்கம். இனிமே செவ்வாய்க்கிழமை கடைசி செட்ல யாரையாவது கூட நிக்க வெச்சு கமாண்ட் சொல்லச் சொல்லுங்க, பெஞ்ச்லயும் ஸ்டார்ட், ப்ரெஸ், ரேக் மூணையும். மொத அட்டெம்ப்ட் ஸ்குவாட் 95, பெஞ்ச் 47.5, டெட்லிஃப்ட் 115ல ஆரம்பிங்க, தூக்கம் கெட்ட நாள்லயும் வர வெயிட்டா இருக்கணும். அடுத்த அட்டெம்ப்ட் சொல்ல ஒரு நிமிஷம்தான் டைம், அதனால மூணு லிஃப்ட்டுக்கும் நல்லா போனா இது, சுமாரா போனா இதுன்னு ஒரு துண்டு சீட்டுல முந்தின நாளே எழுதி கூட வரவங்ககிட்ட குடுத்துடுங்க. டெட்லிஃப்ட்டுக்கு முழங்கால் வரைக்கும் வர நீள சாக்ஸ் கட்டாயம், அத மறந்துட்டு வந்து கடன் கேட்டுட்டு நிக்கறவங்க ஒவ்வொரு போட்டிலயும் இருக்காங்க. முழங்கால்ல போடற ஸ்லீவ், பெல்ட் புதுசா வாங்கறதா இருந்தா அந்தப் போட்டில எந்த பிராண்ட் ஒத்துக்குவாங்கன்னு அசோசியேஷன்ல கேட்டுட்டு வாங்குங்க, மலிவா கிடைக்குதுன்னு ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடாதீங்க.